கஷ்ட காலத்தில் வேதம் வாசிப்பது: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எங்கள் சபையில் நோயாளிகளையும் துக்க வீடுகளையும் பார்க்கப் போகிற ஒரு சின்னக் குழு உண்டு. 14 வருடமாக அதில் போய் வருகிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில், சாவு நடந்த வீட்டுத் திண்ணையில், ராத்திரி 11 மணிக்குப் போனில் என்று எங்கே கேட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை, ஓய்வு பெற்ற டீச்சர். புற்றுநோயில் அம்மாவைப் பறிகொடுத்து, வேதத்தை மூடி வைத்து, பிறகு அதற்குள்ளேயே திரும்பி வந்தவள். வசனங்கள் எல்லாம் நம் வீடுகளில் இருக்கிற பழைய திருப்புதலிலிருந்து.

அக்கா, மனசு சரியில்லாதப்போ பைபிள்ல எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

சங்கீதத்திலிருந்து. ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் லேவியராகமத்துக்கு வரும்போது பலர் நின்றுவிடுகிறார்கள், அதுவும் மனசு உடைந்திருக்கிற நேரத்தில். முதலில் 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். முதல் இரண்டு வசனத்துக்குள் 'எதுவரைக்கும்' என்ற வார்த்தை நாலு தடவை வருகிறது. அப்புறம் 23, 27, 42, 121, 130. ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஆனால் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் கவலை ஒரு பக்கம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காதில் விழுந்தால் கொஞ்சம் நிற்கும்.

சங்கீதம் பழகினபிறகு மாற்கு சுவிசேஷம். நாலு சுவிசேஷங்களில் சின்னது அதுதான், 16 அதிகாரம்.

அந்தப் பழைய தமிழ் எனக்குப் புரியவே மாட்டேங்குது, என்ன பண்றது?

புரிகிற மொழிபெயர்ப்பில் வாசியுங்கள், அதில் தப்பே இல்லை. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது, எளிமையாக இருக்கும். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்: புரிவதற்குப் புதியது, மனப்பாடத்துக்குப் பழையது. ஐசியூ வாசலில் நிற்கும்போது "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்றுதான் வாயில் வருகிறது, ஏனென்றால் சின்ன வயதில் உள்ளே போனது அந்த ஓசை.

ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் வேதம் வந்ததே நல்ல காலத்தில் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்கிற ஜெர்மானிய மிஷனரி புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்தது 1708-ல். அந்த வருடக் கடைசியிலேயே அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டைச் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து 1711-ல் முடித்தார், 1715-க்குள் அச்சாகிவிட்டது. 1719-ல், 36 வயதில் இறந்துபோனார். நம் கையில் இருக்கிற புத்தகத்துக்கு முன்னால் இதெல்லாம் நடந்திருக்கிறது.

விசுவாசம், நம்பிக்கை ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் ஒன்றாகத்தான் சொல்கிறோம். வேதத்தில் வேறு வேறு. பவுல் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும்" என்று எண்ணிச் சொல்கிறார். விசுவாசம் என்றால் ஆண்டவரை நம்பி அவர்மேல் சாய்ந்துகொள்வது. நம்பிக்கை என்றால் அவர் இனிமேல் செய்யப்போவதற்காகக் காத்திருப்பது. கத்தோலிக்க வீடுகளில் முதலாவதை நம்பிக்கை என்றும் இரண்டாவதை எதிர்நோக்கு என்றும் சொல்வார்கள். எனக்கு எதிர்நோக்கு என்கிற சொல் ரொம்பப் பிடிக்கும். வாசலில் நின்று தெருவைப் பார்க்கிற மாதிரி ஒரு சொல். ஆள் இன்னும் வரவில்லை என்பதும் அதில் இருக்கிறது, வருவார் என்பதும் இருக்கிறது.

ரொம்ப அழுதா விசுவாசம் இல்லைன்னு அர்த்தமா? சபையில அப்படித்தான் சொன்னாங்க.

இல்லை. இறந்துபோன சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும், பெத்தானியாவுக்கு வந்ததே அதற்குத்தான். அப்படியும் யோவான் 11:35 சொல்கிறது: "இயேசு கண்ணீர் விட்டார்." இன்னும் ஐந்து நிமிடத்தில் உயிரோடு வரப்போகிறவனுக்காக அவரே அழுதாரென்றால், நம் அழுகையைப் பார்த்து விசுவாசக் குறைவு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டுவார்கள். அந்த வசனம் துக்கப்படாதே என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கிக்காதே என்கிறது. துக்கம் இருக்கும், கூடவே நம்பிக்கையும் இருக்கும், அவ்வளவுதான். சங்கீதப் புத்தகத்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அதைத் தவிர, முழுக்க முழுக்கப் புலம்பல் என்றே ஒரு புத்தகம் தனியாக இருக்கிறது.

புது வருஷத்துக்கு எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக் கிடைச்சது. அந்த வருஷம்தான் வேலை போச்சு, அப்பாவும் போயிட்டார். அப்போ அந்த வசனம் பொய்யா?

இதைக் கேட்ட தம்பி, புது வருஷ ஆராதனையில் எடுத்த அந்த வசன அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருந்தான். ஓரமெல்லாம் நைந்து, பின்பக்கத்தில் ஏதோ போன் நம்பர் எழுதியிருந்தது. தூக்கிப் போடவும் மனசில்லை, வாசிக்கவும் முடியவில்லை என்றான். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தோம்.

அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்புகிறார், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு. அவர்கள் எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்று காத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் சொன்னான். அவன் சொன்னது பொய். எரேமியா சொன்னதோ எழுபது வருஷம், அது 10-ஆம் வசனத்தில், நமக்குப் பிடித்த 11-ஆம் வசனத்துக்கு நேர் மேலே இருக்கிறது! கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகம் பேர் அந்த மண்ணிலேயே செத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் சொல்கிறார்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

அதுவரைக்கும் என்ன செய்யச் சொன்னார் என்று பாருங்கள். 5-ஆம் வசனம்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள். அந்த வசனம் பொய்யில்லை தம்பி. கத்தரித்து அட்டையில் ஒட்டினதில் அந்த எழுபது வருஷம் விழுந்துபோயிற்று. வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வரிசையில் நிற்கிறவள்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எந்த வசனத்துக்கும் இதுதான்.

தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தாங்க முடியலையே?

அப்படி வேதத்தில் இல்லை. 1 கொரிந்தியர் 10:13-ஐத்தான் அப்படித் திருப்பிச் சொல்கிறார்கள். அங்கே பவுல் விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு என்று பாவத்துக்கு இழுக்கிற சோதனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். விழாமல் தப்பிக்க வழி உண்டு என்கிறார். பாரத்தைப் பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள்: "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று." பலத்துக்கு மிஞ்சினது என்று அப்போஸ்தலனே எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். அடுத்த வசனத்தில், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் சாய்ந்துகொள்ளத்தான் அப்படி நடந்தது என்கிறார். சாய்வதற்கு முதலில் நிற்க முடியவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் செஞ்ச ஏதோ பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையோ?

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். லூக்கா 13-ல் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை அவரே எடுக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்றார். மனந்திரும்புங்கள் என்று கூடவே சொன்னார், உண்மைதான், ஆனால் அது உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்களின் கணக்கை அவர் எடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் கடல் கொண்டுபோனவர்களில் முந்தின நாள் ஆராதனையில் இருந்தவர்களும் உண்டு. அது தண்டனை என்று பேசினவர்களை அப்போது கேட்டேன், இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. சீலோவாம் கோபுரத்துக்கு இயேசு சொன்னது அந்தக் கடற்கரைக்கும் பொருந்தும்.

சில கஷ்டங்கள் நாம் செய்ததன் விளைவாக வருவதும் உண்டு, மறைக்க வேண்டாம். குடித்துக் கெட்டுப்போன ஈரல், பொய் சொல்லி உடைந்த வீடு. அதற்கு 51-ஆம் சங்கீதமும் 130-ஆம் சங்கீதமும் இருக்கின்றன. "நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான், ஆண்டவரே" என்று கேட்கிறவனுக்கு அங்கே கதவு திறந்துதான் இருக்கிறது.

எனக்கு ஆண்டவர்மேல கோபம். கோபத்தோட ஜெபம் பண்ணலாமா?

பண்ணலாம். பண்ணியிருக்கிறார்கள், அது வேதமாகவும் ஆகியிருக்கிறது. எரேமியா 20-ல் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், மற்ற புலம்பல்கள் கடைசியில் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பும், இது திரும்பவே திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று குற்றம் சாட்டி, இருட்டிலேயே முடிகிறது. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்பது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவரும் இந்தப் புத்தகத்திலிருந்துதான் கதறினார்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு அவ்வளவு பேசினார், கேட்கவே பயமாக இருக்கும். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது யார்மேல்? தேவனுக்காக வக்காலத்து வாங்கின மூன்று நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை" என்றார். கோபத்தை அவரிடம் கொண்டுபோகிற வரைக்கும் நீங்கள் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு கேக்குறாங்க. நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாது. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுத்தபோதும், ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் போட வைத்தார். பவுலோடு கூடப் பயணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னதும் பத்தியம் மாதிரி ஒரு ஆலோசனைதான். சர்க்கரை மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, கீமோ எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்கிறவர் மேடையில் மைக் பிடித்திருந்தாலும் சரி.

செத்துடலாம்போல இருக்கு. இதைச் சொன்னா பாவம்னு சொல்வாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை.

சொன்னது நல்லது. இப்போதே இன்னொருவரிடமும் சொல்லுங்கள், வீட்டில் யாராவது ஒருவர், இல்லையென்றால் 14416 என்ற மனநல உதவி எண் அல்லது தமிழ்நாட்டில் 104. இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை. தனியாக இருக்காதீர்கள். டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்களுக்கு முன்னால் இதைச் சொன்னவர் எலியா. கர்மேலில் அக்கினி இறங்கின அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்தில், சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். ஆண்டவர் திட்டவில்லை. பிரசங்கமும் பண்ணவில்லை. எலியா தூங்கினார். தூதன் தட்டி எழுப்பினான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பி, சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். தூக்கமும் சாப்பாடும் முதலில், பேச்சு அதற்கப்புறம்தான். இந்தப் பகுதியை வாசித்துக் காட்டிவிட்டு நான் செய்வதும் அதுதான்: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன்.

எதிர்வீட்டு அக்கா ஜெபிச்சாங்க, சுகம் கிடைச்சது, சாட்சி சொன்னாங்க. நானும் அதே மாதிரி உபவாசம் இருந்தேன். என் பிள்ளை போயிட்டானே?

இதற்கு என்னிடம் காரணம் இல்லை. காரணம் தெரியும் என்று சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

அப்போஸ்தலர் 12-ஐ மட்டும் வாசியுங்கள். 2-ஆம் வசனத்தில் யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வந்து சங்கிலியைக் கழற்றி வெளியே கூட்டிப் போகிறான். அதே சபை, அதே ஜெபம். யாக்கோபின் தாய் அந்த வாரம் பேதுருவின் சாட்சியைக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. பவுல் தன் சரீரத்தில் வேதனை தந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்றுதரம் கேட்டார், கிடைத்தது "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான். எத்தனையோ பேரைச் சுகமாக்கின அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். உங்கள் ஜெபத்தில் குறை இருந்ததால் பிள்ளை போகவில்லை, அம்மா. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் நான் சொல்வேன்.

சாவு வீட்டுல "எல்லாம் நன்மைக்கே"ன்னு ரோமர் 8:28 சொல்லலாமா?

வேண்டாம். வசனம் சத்தியம், ஆனால் அதை எழுதினவர் அதற்கு முன்னால் சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று எழுதிவிட்டுத்தான் அங்கே வருகிறார். நாம் முதல் நாளே 28-க்குக் குதிக்கிறோம். துக்கப்படுகிறவர் ஒரு நாள் தானாகவே அதைச் சொல்லக்கூடும், அது அவர் சொல்ல வேண்டியது.

யோபுவின் நண்பர்களைப் பற்றி மேலே சொன்னேன். அவர்களும் முதல் ஏழு நாள் சரியாகத்தான் செய்தார்கள், தரையில் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. போங்கள், கையைப் பிடியுங்கள், இட்லியோ கஞ்சியோ கொண்டுபோங்கள். எல்லாரும் கிளம்பிப் போனபிறகு, 16-ஆம் நாளுக்கு அப்புறம், இன்னொரு தடவை போங்கள். யாரும் போகாத நாள் அதுதான்.

உயிர்த்தெழுதல், பரலோகம் எல்லாம் சரி. இன்னைக்கு இருக்கிற வலிக்கு அதனால என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. பவுல் இதில் ஒளிக்கவில்லை: கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று 1 கொரிந்தியர் 15-ல் போட்டு உடைக்கிறார். அது நடந்தது என்றுதான் நான் நம்புகிறேன். அதனால்தான் என் அம்மாவின் கல்லறைக்குப் பூ கொண்டுபோகும்போது, முடிந்துபோன ஒருத்தியைப் பார்க்கப் போகிறதாக எனக்குத் தோன்றுவதில்லை.

இன்னொன்று. உயிரோடு எழுந்த இயேசு தோமாவிடம் தம் கைகளைக் காட்டினார், காயம் இருந்தது. மரணத்தை ஜெயித்த உடம்பிலும் ஆணித்தழும்பு போகவில்லை. உங்களுக்கு நடந்ததை ஒன்றுமில்லாததாக ஆக்கிவிட்டு அவர் நம்பிக்கை தருவதில்லை. அந்த 15-ஆம் அதிகாரம் முடிவதும் வானத்தில் இல்லை, கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது என்று நாளைக் காலை வேலையில் வந்து முடிகிறது.

இதெல்லாம் சரி அக்கா, எனக்கு வேதத்தைத் திறக்கவே கை வரலை.

அப்படியானால் திறக்க வேண்டாம். வேறொருவரைத் திறக்கச் சொல்லுங்கள். மாற்கு 2-ல் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு விசுவாசம் இருந்ததா என்று மாற்கு சொல்லவே இல்லை.

அம்மா போனபிறகு மாதக்கணக்கில் நான் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மாவின் பைபிள், நடுவில் ஏதோ ஒரு வருடத்துக் குருத்தோலைச் சிலுவை காய்ந்து பழுப்பாகி இருக்கும், அலமாரியில் அப்படியே கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். வந்து அலமாரியிலிருந்து அதை எடுத்து, ஒரு சங்கீதம் வாசிப்பார், மூடி வைப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். ஜெபம் பண்ணலாமா என்றுகூடக் கேட்டதில்லை. நான் பல நாள் அடுப்படியிலேயே நின்றிருக்கிறேன், அவர் வெறும் கூடத்துக்கு வாசித்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. வந்து உட்கார்ந்து, 116-ஆம் சங்கீதத்தைத் திறந்து, சத்தம் வராமல் இருமிவிட்டு, புத்தகத்தை என் பக்கமாக நகர்த்தினார். குருத்தோலை கீழே விழுந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நான் வாசித்தேன்.